சத்தம் வராத தண்ணீர்

"மெதுவா ஊத்துங்க," என்றாள் ரத்னா.

தவலையைச் சாய்த்த பங்காளியின் கை நின்றது. "செத்தவனுக்கு இன்னா மெதுவா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் புருஷன் தேசப்பனை வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். பங்காளி மறுபடியும் ஊற்றினான். தண்ணீர் முகத்தில் விழுந்து காதுக்குள் போனது. தேசப்பன் அசையவில்லை.

மூன்று நாளாக அந்த வீட்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. செம்பைக் கண்டாலே தேசப்பனுக்குத் தொண்டை இறுகி உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு சத்தம் கேட்டாலும் அப்படியே ஆனது. ரத்னா கிணற்று உருளைக்குச் சாக்கு சுற்றினாள். குடங்களை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனாள். சோற்றையும் அங்கேதான் வடித்தாள். இன்று எல்லாக் குடங்களும் திரும்பி வந்திருந்தன.

தலைமாட்டில் பச்சையப்பன் நின்றான். தேசப்பனின் தம்பி. மெட்ராஸில் கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் கோழி நோய்க்குத் தடுப்பு மருந்து பார்க்கிறவன். கோழி டாக்டர் என்றுதான் அண்ணன் கூப்பிடுவான். வெளிநாட்டில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்ய அவனுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமை விமானம்.

அதற்கான நேர்முகத்துக்கு அவன் கிளம்பிய காலையில்தான் எருமை வைக்கோலைத் தொடாமல் எச்சில் ஒழுக நின்றது. அவன் வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்தான்.

"தொண்டையில இன்னாவோ மாட்டிக்கினு கீதுண்ணா. பனங்கொட்டையா இருக்கும். கைய உட்டுப் பாரு."

புதுவாயலில் பஸ் அவனுக்காக நிற்காது. வேகமாக நடந்தான்.

தேசப்பன் சிரித்தான். "கோழி டாக்டரு எருமைக்கு வைத்தியம் சொல்லிட்டாரு. வந்து வாயப் புடிடி."

ரத்னா தாடையைப் பிளந்து பிடித்தாள். முந்தின நாள் கதிர் அரிவாள் கிழித்த விரலில் துணி சுற்றியிருந்தாள். எச்சிலில் துணி நனைந்தது. தேசப்பன் முழங்கை வரை விட்டுத் தேடினான். கொட்டை எதுவும் இல்லை. எருமை இரண்டொரு நாளில் செத்தது. அதை வெறிநாய் கடித்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து தேசப்பன் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான்.

செய்தி கேட்டு வந்த பச்சையப்பன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அங்கிருந்தே கேட்டான்.

"எருமை வாயில வேற யாருனா கை வச்சீங்களா அண்ணி?"

"இல்ல தம்பி. அவுரு மட்டுந்தான்."

வைத்தேன் என்றால் ஊசி போட இழுத்துக்கொண்டு போவான். அப்புறம் தேசப்பன் பக்கத்தில் யார் இருப்பது? அப்போது அவள் அதை மட்டும்தான் நினைத்தாள்.

இப்போது பெஞ்சின் பக்கத்தில் தேசப்பனின் அத்தை கெங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"புருசன் கைய உட
பொண்டாட்டி வாயப் புடிக்க
எருமைய எழுப்பப் போயி
எமனத் தொட்டீங்களே..."

பச்சையப்பன் கையிலிருந்த செம்பு சரிந்தது. அண்ணனின் மார்பில் விபூதி கரைந்து ஓடியது.

பெண்களை விலக்கிக்கொண்டு அவன் வந்தான். எல்லார் முன்னாலும் ரத்னாவின் கையைப் பிடித்துத் திருப்பினான். விரலில் வெள்ளைத் தழும்பு.

"இது எப்ப பட்டது?"

"பழைய காயம் தம்பி."

"எருமைக்கு முன்னயா, பின்னயா?"

ரத்னா பெஞ்சைப் பார்த்தாள்.

"முன்ன."

அவன் கையை விடவில்லை. "நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஒப்பாரி நின்றது. "இன்னாடா பேசற?" என்றாள் கெங்கம்மாள். "இன்னும் தாலிகூட வாங்கல. கருமாதி முடியாம அவ வாசப்படி தாண்டுனா ஊரு காறித் துப்பாது?"

"துப்பட்டும் அத்த."

"நீ ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ. துப்பறத தொடச்சிக்கினு இங்க இருக்கறது யாரு?"

தேசப்பனைத் தூக்கினார்கள். முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தெரு வரை போனது.

மறுநாள் காலையில் பச்சையப்பன் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்தான். ஈரத் துண்டை மாற்றவில்லை.

"கெளம்புங்க அண்ணி."

கெங்கம்மாள் வாசற்படியின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரத்னா வந்து நின்றாள். எதிர்வீட்டில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். கெங்கம்மாள் அவர்களைப் பார்த்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

திருவள்ளூர் பஸ்ஸில் ரத்னா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சாவு வீட்டில் போட்ட நேற்றைய பூ கழுத்தில் இருந்தது. பச்சையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தாள். "வயித்துல போடறது. வலிக்கும். ரெண்டு வாரம் தெனம் வரணும், ஒரு நாள் தப்பக் கூடாது. கூட யாரு வருவா?"

"நான்தான்."

ரத்னா தலையைத் தூக்கினாள். "வெள்ளிக்கெழம..."

"சாஞ்சி படுங்க அண்ணி. நர்ஸம்மா காத்துக்கினு கீறாங்க."

அவள் படுத்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். மொட்டைத் தலையில் ஒரு இடத்தில் கத்தி கீறியிருந்தது.

தாழ்வாரத்தில் மணல் பரப்பி பானை வைத்திருந்தார்கள். ரத்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு நகரவில்லை. அவன் கண் அவள் தொண்டையில் இருந்தது.

முதல் மடக்கு கொஞ்ச நேரம் வாயிலேயே நின்றது. பிறகு இறங்கியது. மீதியையும் குடித்தாள். டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் குடு தம்பி."

அவன் பானைப் பக்கம் போனான். தோள் துண்டை மடித்துப் போட்டு, மூடியை எடுத்து அதன் மேல் வைத்தான். டம்ளரைச் சாய்த்து, தண்ணீர் சத்தம் வராமல் மொண்டான்.