முள் அசையாத தண்ணீர்

ஜீப்பை விட்டு இறங்கும்போதே சௌந்திரத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ராசிபுரம் பக்கத்தில், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் கழிவுத் தண்ணீரைச் சோதிப்பது அவள் உத்தியோகம். பாட்டிலில் பிடித்துப்போய்ச் சேலத்து ஆய்வகத்தில் வைத்தால், அழுக்கு எவ்வளவு என்று தெரிய ஐந்து நாள் ஆகும். அதற்குள் ஆலைக்காரர் வாய்க்காலைக் கழுவிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு நிற்பார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தே அவளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை புதுக் கருவி ஒன்று வந்திருந்தது. அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும். தண்ணீரில் அழுக்கு இருந்தால் அதைத் தின்று அவை மூச்சு வாங்கும், கருவியின் முள் இறங்கும். தின்ன ஒன்றுமில்லை என்றால் முள் அசையாது. கால்மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

குட்டைக்கரையில் பழனியம்மாள் காத்திருந்தாள். ஒற்றை எருமையின் பாலில் சீவனம் நடத்துகிறவள். ஊர்க்கிணறு வற்றிவிட்டது. குட்டையில் ஆலைத் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பயந்து, எருமையைக் கட்டியே வைத்திருந்தாள்.

"ஏனுங்கம்மணி, போன தடவையாட்ட அஞ்சு நாளுன்னு சொல்லிப்போடாதீங்க. எருமை நாக்கத் தொங்கப்போட்டுட்டு நிக்குது."

"இன்னைக்கே சொல்றேனுங்க்கா."

முனையை நனைத்தாள். முள் ஒருமுறை துடித்துவிட்டு, கால்மணி நேரமும் இருந்த இடத்திலேயே நின்றது. வருசக்கணக்கில் 'அழுக்கு, அழுக்கு' என்றே எழுதிச் சலித்தவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒருதடவையாவது நல்ல வார்த்தை சொல்லிவிடலாமே.

"அழுக்கில்லீங்க்கா. தண்ணி காட்டுங்க."

பழனியம்மாள் எருமையை அவிழ்க்க ஓடினாள்.

சோதனை முடிந்ததும் முனையைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். உயிர்கள் நலமாக இருந்தால் முள் சட்டென்று இறங்கும். அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். சௌந்திரம் வாயை முதலில் திறந்துவிட்டாள். இப்போது நனைத்தாள்.

முள் அசையவில்லை.

முனையிலிருந்த நுண்ணுயிர்கள் தின்ன ஒன்றுமில்லாமல் சும்மா இருந்தவை அல்ல, குட்டைத் தண்ணீரில் செத்துப்போனவை. மரவள்ளிக் கிழங்குச் சாறு மாட்டைக் கொல்லும் என்பது இந்தச் சீமையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சௌந்திரத்துக்கும் தெரியும். அந்த விஷம் உயிரின் மூச்சைத்தான் முதலில் நிறுத்தும்.

"அக்கா! உடாதீங்க!"

கத்திக்கொண்டே கரையைச் சுற்றி ஓடினாள். எருமை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கியது. இரண்டு பேருமாகக் கயிற்றைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தார்கள். பாதி வழியில் அதற்கு முன்னங்கால் மடங்கியது. மாட்டு வைத்தியரை அழைத்துவர ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பழனியம்மாள் எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சௌந்திரத்தின் விசும்பல் கேட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க அழுவாதீங்க சாமி. அஞ்சு நாளு பொறுக்கமாட்டாம நாந்தான உங்கள அவசரப்படுத்திப்போட்டேன்."

அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடச் சௌந்திரம் தாங்கியிருப்பாள்.