கவிழ்ந்த பெட்டியில் கம்பெனிப் பெயர்

எங்கள் ரயில் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கே ரயில் கவிழ்ந்தாலும் டாக்டருக்கு முன்னால் பெயின்டர் போய்ச் சேருவான். பெட்டியின் மேல் தங்க எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைக் கறுப்படித்து மறைப்பான். பத்திரிகைக்காரர்கள் கிட்டே வந்தால் காவலாட்கள் தடியோடு துரத்துவார்கள்.

1907-இல் பிட்ஸ்பர்க்கில் நிருபராக இருந்த என்னை, பத்திரிகைகளைச் சமாளிக்க என்று வேலைக்கு எடுத்தார்கள். அந்த வேலைக்கு அப்போது சரியான பெயர்கூடக் கிடையாது. சேர்ந்த அந்த வசந்தத்திலேயே காலை எக்ஸ்பிரஸ் ஆற்று வளைவில் தடம் புரண்டது. மூன்று பேர் இறந்துபோனார்கள். ஓட்டுநர் எம்லின் ப்ராசர் கை முறிந்து பிழைத்துக்கொண்டார்.

சூப்பரின்டென்டென்ட் ஹேவர்ஸ்டிக் தந்தியோடு என் அறைக்கு வந்தார்.

"எழுதிக்கோ ரஸ்க். டிரைவர் குடிச்சிருந்தான்."

"ப்ராசரா? சார், அந்த ஆளு சர்ச்சுல குடுக்குற ஒயினையே மோந்து பாத்துட்டு வச்சிடுவாரு."

"மூணு பேரு செத்திருக்காங்க. யாராவது ஜெயிலுக்குப் போகணும்ல? அவன் போகட்டும்."

நான் எழுதவில்லை. நேரே கம்பெனித் தலைவர் கோல்குரோவ் வீட்டுக்குப் போனேன். கிழவர் அவித்த முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"நிருபருங்களை நம்ம ரயில்லயே கூட்டிட்டுப் போறேன் முதலாளி."

"பைத்தியமா உனக்கு? கல்லெறியிறவனுக்கு நானே வண்டி அனுப்பணுமா?"

"அவங்க எப்படியும் வருவாங்க. சேத்துல நடந்து வந்தா கோவத்தோட வருவாங்க. நாம கதவைச் சாத்தினா, உள்ள பாக்காததையெல்லாம் எழுதுவாங்க."

கிழவர் முட்டை ஓட்டைத் தட்டின் ஓரம் தள்ளினார். "சரி, போ. விசாரணை நடக்குதுன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சு, உனக்கு வேலை இல்ல."

தனி ரயிலில் காப்பியும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தேன். என் பழைய கூட்டாளி ஃபின்னர்ட்டி வாய் நிறைய மென்றுகொண்டே கேட்டான்: "என்னடா ரஸ்க், எங்க வாயை அடைக்க ஹாம் போதும்னு யாருடா சொன்னது?"

"தின்னுட்டு வந்து கண்ணால பாரு. அப்புறம் பேசு."

வளைவில் இறங்கினோம். ஹேவர்ஸ்டிக் எனக்குத் தெரியாமல் வழக்கப்படி ஆள் அனுப்பியிருந்தார். கவிழ்ந்த பெட்டியில் ஏணி சாய்த்து ஒரு பெயின்டர் நின்றான். பாதிப் பெயர் கறுப்பாகியிருந்தது.

"அடேங்கப்பா! கண்ணால பாக்கச் சொன்னியே, இதைத்தானா?" என்று ஃபின்னர்ட்டி கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கேமராக்கள் ஏணிப் பக்கம் திரும்பின. இனி நான் எதைச் சொன்னாலும் எவன் நம்புவான்? ப்ராசர் குடிக்கவில்லை என்றால்கூட யார் நம்புவார்கள்?

"இறங்குப்பா" என்றேன் பெயின்டரிடம். பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியை அவனிடம் வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். சட்டையெல்லாம் கறுப்பாக வழிய, அழுத்தித் துடைத்தேன். தங்க எழுத்து மங்கலாகத் திரும்பி வந்தது. கீழே சிரிப்பு அடங்கியிருந்தது.

"இப்ப படம் எடுங்கய்யா. எங்க ரயில்தான் இது."

பிறகு உடைந்த தண்டவாளத்தைக் காட்டினேன். முறிந்த இரும்பின் உட்பக்கம் பாதி வெள்ளியாக மின்னியது, பாதி துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. ஃபின்னர்ட்டி குனிந்து விரலால் தேய்த்தான்.

"ரஸ்க், இது பழைய விரிசல்டா."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். 'விசாரணை நடக்குது' என்று சொல்லியிருந்தால் என் வேலை பிழைத்திருக்கும்.

"ஆமா. தண்டவாளம் எங்களோடது. விரிசலும் எங்களோடது. ப்ராசர் மேல ஒரு தப்பும் இல்ல. எழுதிக்கோங்க."

மறுநாள் தொப்பியைக் கையில் பிடித்தபடி கோல்குரோவ் முன் நின்றேன். மேஜை முழுக்கப் பத்திரிகைகள். பக்கத்தில் ஹேவர்ஸ்டிக் கடுகடுவென்று நின்றார்.

"வேலை இல்லேன்னு சொல்லியிருந்தேனே" என்றார் கிழவர்.

"அதான் தொப்பியோட வந்திருக்கேன்."

"ஒருத்தன்கூட நம்மள மறைக்கிறவங்கன்னு எழுதல. இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை." பத்திரிகை ஒன்றை என் பக்கம் தள்ளினார். "தொப்பியைப் போட்டுக்கோ. இதை அந்த டிரைவர் வீட்டுல குடுத்துட்டு வா. ஹேவர்ஸ்டிக், பெயின்டரைப் பட்டறைக்கே அனுப்பு. இனி அந்த வேலை வேணாம்."

ப்ராசர் கைக்கட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். செய்தியைக் கடைசி வரி வரை படித்தார்.

"நான் குடிச்சிருந்தேன்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. அப்ப ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன் பெஞ்சுல உக்காரலாமா?"

"உங்க எடம்தானே அது."

இன்று நியூயார்க்கில் மாடிக்கு மாடி இந்த வேலைக்கு ஆபீஸ் இருக்கிறது. சோப்பு விற்கவும், தேர்தலில் ஜெயிக்கவும், சண்டைக்கு ஆள் சேர்க்கவும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நாட்டில் பாதிப் பேர் காலையில் என்ன நினைப்பார்கள் என்பதை முந்தின நாளே யாரோ எழுதிவைத்துவிடுகிறார்கள். எங்களில் கறுப்படிக்கிறவர்களும் நிறைய உண்டு, மறுக்கமாட்டேன்.

ஆனால் நான் துடைத்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமை ப்ராசர் போகும் வேல்ஸ்காரர்களின் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மொழிப் பாட்டில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. முன் பெஞ்சில் கைக்கட்டோடு ஒரு முதுகு நிமிர்ந்து இருந்தது.