எட்டில் மூன்று பங்கு மேகம்

ஒன்பது மணிக் குறிப்புக்காக வெளியே வந்தவன், அண்ணாந்து பார்த்து வானத்தை எட்டாகப் பங்கு போட்டான். மூன்று பங்கு மேகம், மீதி நீலம். இது போதும் என்று தோன்றியது. ஏட்டில் எழுதிவிட்டு உள்ளே வந்து கணினியை முடுக்கினான்.

மலை உச்சியிலிருந்த அந்த வானிலை நிலையத்துக்கு அவன் ஒருவன்தான் ஆள். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மேகத்தையும் காற்றையும் குறித்துக் கீழே அனுப்ப வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் திரையில் விமானம் ஓட்டுவான். நிலையத்து மின்சாரம் கருவிகளுக்கு மட்டும்தான் என்பதால், கூரைமேல் சொந்தமாக ஒரு சோலார் பேனலும் கட்டிலுக்கடியில் ஒரு பேட்டரியும் வைத்திருந்தான். வெளியே மேகம் திரண்டால் உள்ளே விமானம் அணைந்துவிடும். அப்படி எத்தனையோ விமானங்கள் நடுவானில் கறுத்துப்போயிருக்கின்றன. அவை விழுந்தனவா, இன்னும் அங்கேயே மிதக்கின்றனவா என்று கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பான். மிதக்கின்றன என்றே நம்பினான்.

கணினியின் பழைய சிப் ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரியைக் காலி செய்துகொண்டிருந்தது. போன மாதம் மைத்துனனிடம் பேசினான். கீழே நகரத்தில் கணினிக் கடை வைத்திருந்த மைத்துனன், கடையிலேயே பெரிய ப்ராசஸரைப் போடலாமா என்று இவன் கேட்டதும் சிரித்துவிட்டான். உள்ளே பதினாறு பேர் இருப்பதுபோல வேலை செய்யும் சிப்பை வாங்கினாலும், விமான விளையாட்டில் ஒருத்தன்தான் முதுகொடிய வேலை செய்வான், மற்றவர்கள் சாப்பாடு மட்டும் கேட்பார்கள் என்றான். ஆள் குறைவாக இருந்தாலும் வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் பெரிய கேஷ் நினைவகம் உள்ள சிப்தான் வேண்டும். அது அந்தப் பெரியதில் பாதி மின்சாரம்கூடக் குடிக்காது. கிராபிக்ஸ் கார்டையும் கொஞ்சம் அடக்கி வைத்தால் பேட்டரி தாங்கும்.

"சரி மாமா, ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் பறக்கணும்?"

"ரெண்டே முக்கால் மணி நேரம்."

மலையிலிருந்து அக்கா இருக்கும் ஊருக்கு விமானத்தில் அவ்வளவு நேரம்தான் ஆகும் என்பது மைத்துனனுக்குத் தெரியும். "அனுப்பறேன் மாமா" என்று மட்டும் சொன்னான்.

மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் கிடந்தது. அந்த ஊருக்கே மாற்றல் தருகிறோம், சம்மதமா என்று அலுவலகம் கேட்டிருந்தது. இது மூன்றாவது தடவை. முன்பு வந்த இரண்டுக்கும் மனைவியிடம் சொல்லாமலே மறுத்து எழுதிவிட்டான். அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. அவள் குரல் கேட்காத நாளில் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் ஆறு வருடத் தனிமையில் பேச்சு அவனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. ஒரே கூரைக்கடியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து இத்தனை மௌனத்தையும் எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பதிலுக்கு இன்றே கடைசி நாள்.

விமானம் எழும்பியது. மைத்துனன் அனுப்பிய புதிய சிப்பின் மின்விசிறி சுற்றுகிற சத்தமே கேட்கவில்லை. வழக்கமாக எல்லாம் இருண்டுபோகும் ஆற்று வளைவு வந்தது. அதைத் தாண்டியதும் அவன் பார்த்தேயிராத வயல்களும், வெயிலில் கண்கூசும் ஒரு ஏரியும் வந்தன. இத்தனை நாள் இவையெல்லாம் இங்கேதான் இருந்திருக்கின்றன என்பது விசித்திரமாக இருந்தது.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

மலையில் என்று சொல்ல வாயெடுத்தவன், "ரயில் பாலத்துக்கு மேல" என்றான்.

"நீங்க பறந்து வரப்போறதைத் தம்பி சொல்லிட்டான். இருங்க, மொட்டைமாடிக்குப் போறேன்."

படியேறும் மூச்சு கேட்டது. திரையில் ஊர் விரிந்தது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது, சன்னல்கூட இல்லாமல். அதைச் சுற்றி ஒரு வட்டமடித்தான்.

"வந்துட்டீங்களா?"

"தலைக்கு மேலதான்."

"இங்க மேகம் எட்டுல ரெண்டு. சரியா எண்ணியிருக்கேனா?"

"சரியாத்தான் இருக்கும்."

இரண்டாவது வட்டம். ஓடுதளம் இடப்பக்கமாக வந்து விலகிப்போனது. இருவருமே பேசவில்லை. அந்த மௌனம் கனக்காமல் இருப்பதை அவன் கவனித்தான்.

"எறங்குங்க" என்றாள்.

"காத்து கொஞ்சம் பக்கவாட்டுல..."

"முன்னெல்லாம் பேட்டரி போயிடுச்சும்பீங்க. இப்பதான் சிப்ப மாத்தியாச்சே. புதுசா என்ன சாக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு மேகத்தின் நிழல் சரிவில் ஏறிக் கூரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. பேட்டரியில் இன்னும் கால்வாசி மிச்சம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். இழுப்பறை சரியாக மூடாமல், இன்னும் பதில் எழுதாத கடிதத்தின் வெள்ளை ஓரம் தெரிந்தது.

விமானத்தைத் திருப்பி ஓடுதளத்துக்கு நேராகக் கொண்டுவந்தான். சக்கரங்களை இறக்கினான். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. தொலைபேசியில், அவன் காதோரம், கொடியில் காயும் துணிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.