ஆற்று வாசல்

ஜைல்ஸ் வெள்ளம் தடுக்கும் கடைசிப் பலகையை வீட்டு ஆற்று வாசலின் நிலைப் பள்ளத்தில் இறக்கி முழங்காலால் அழுத்தினான். துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்புக் கால்சட்டையில் சேறு ஒட்டியது.

"பன்னெண்டுக்கு ஆத்துல கடல் ஏத்தம் உச்சத்துக்கு வரும், அக்கா. ஒரு மணிக்குள்ள தெரு வடிஞ்சிடும். சவ வண்டியை ஒரு மணிக்கு வரச் சொல்லிட்டேன். ஒன்றரைக்கு வீடு பாக்குறவங்க வருவாங்க. தரகர் காட்டிக்குவார், நாம சர்ச்சுல இருப்போம்."

"அம்மாவை எடுக்கிற அன்னிக்கேவா?"

"லண்டன்லேருந்து வர்றாங்க. இன்னிக்கு விட்டா எப்பவோ."

தோரா வாசலோரச் சுவருக்குப் போனாள். ஆணியில் சணலால் கட்டித் தொங்கிய ஏற்ற நேரப் புத்தகத்தைப் பார்த்தாள். மார்ச் முப்பது, பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமைதான் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியிருந்தார்கள். புத்தகம் எந்த வருஷமும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. ஆறு வயதில் ஜைல்ஸ் அதை ஒப்பித்திருக்கிறான். கோடை நேரத்துக்கு ஒன்று கூட்டு: புத்தகத்தில் பன்னிரண்டு, கடிகாரத்தில் ஒன்று. லண்டன் அதை அவனிடமிருந்து துடைத்துவிட்டிருந்தது.

அவள் புத்தகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

முன்னறையில் அம்மா ஹெஸ்டரின் சவப்பெட்டி இரண்டு நாற்காலிகள் மேல் இருந்தது. அப்பா இந்த ஆற்று வாசல் வழியாகத்தான் கல்லறைக்குப் போனார், படகில், ஏற்றத்தோடு. அவருடைய அப்பாவும் அப்படித்தான். ஹெஸ்டர் கடைசியாகத் தெளிவாகச் சொன்னதும் அதுதான். "என்னைத் தெருவழியா அனுப்பினீங்கன்னா திரும்பி வந்துடுவேன்."

போன இலையுதிர் காலத்தில் படியில் விழுந்து, மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடந்தபோது ஜைல்ஸ் நீட்டிய விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். வீடு திரும்பியதும் வாசலில் நட்டிருந்த தரகர் பலகையை வெட்டி அடுப்பில் போட்டாள். விளம்பரத் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஜார்ஜ் மன்னர் காலத்து வீடு, ஆற்றங்கரைன்னு போட்டிருக்கான். ஆறே உள்ள வரும்னு போடலையே."

கூடத்துச் சுவரில் இருநூறு வருஷத்து வெள்ளக் கோடுகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருஷம். போன வாரம் ஜைல்ஸ் ஆள் வைத்து அதன் மேல் வெள்ளையடித்துவிட்டான்.

பன்னிரண்டரைக்குப் பெட்டி தூக்க படகுச் சங்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

ஜைல்ஸ் தன் பளபளப்பான தோல் ஷூவையும் அவர்களையும் பார்த்தான். "என்ன, எல்லாரும் மீன் பிடிக்கவா கிளம்பிட்டீங்க?"

"உங்கம்மா கூப்பிட்டா மீனுக்கும் போவோம்" என்றான் ஒருவன். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மணிக்கு ஜைல்ஸின் போன் அடித்தது. கேட்டபடியே தெருப்பக்க ஜன்னலுக்குப் போனான். சந்து முழுக்கத் தண்ணீர். சந்து முனை மேட்டில் சவ வண்டி நின்றது. அதன் பின்னால், நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட லண்டன் தம்பதியும் தரகரும்.

அவன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கடிகாரத்தை. பிறகு அவளை.

"ஞாயித்துக்கிழமை..."

"ஆமா."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஊருக்கே தெரியும்டா."

"வடியட்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தா—"

"காத்திருக்க மாட்டோம். வீட்டை வித்துக்கோ, கையெழுத்து உன்கிட்ட இருக்கு. அம்மா தெருவழியா போகமாட்டா."

தோரா காலணியைக் கழற்றினாள். மேல் பலகையின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கூடம் நாசமாயிடும், அக்கா. அவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அவன் பிடி தளர்கிறவரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக நாலு பலகைகளையும் உருவினாள். ஆறு அவசரப்படாமல் உள்ளே வந்தது. கணுக்கால் ஏறி, புது வெள்ளையைத் தொட்டு நின்றது. வெளியே படியோரம் படகுக்காரர் வில்ஃப் ஏற்கெனவே காத்திருந்தார்.

"நேரத்துக்கு வந்துட்டீங்களே" என்றான் ஜைல்ஸ் கசப்பாக.

"நான் கடிகாரம் கட்டுறதில்ல தம்பி" என்றார் வில்ஃப். "தூக்கு. தண்ணி நிக்காது."

நாலு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். தலைமாட்டில் இன்னொரு தோள் தேவைப்பட்டது. ஜைல்ஸ் ஷூவைக் கழற்றி மாடிப்படியில் வைத்தான். கால்சட்டையை மடித்துக்கொண்டு வந்து தோள் கொடுத்தான்.

மேட்டிலிருந்து அந்த லண்டன் பெண் குரல் கொடுத்தாள். "மன்னிக்கணும், இது அடிக்கடி இப்படி வருமா?"

"வர்றப்ப வரும்" என்றாள் தோரா ஜன்னலிலிருந்து.

எல்லோரும் வெளியே போனதும் அவள் சுவரருகே குனிந்தாள். புத்தகத்தோடு கட்டியிருந்த பென்சிலை அறுத்து எடுத்து, தண்ணீர் தொட்ட இடத்தில் வெள்ளை மேல் கோடு இழுத்தாள். பக்கத்தில் வருஷத்தை எழுதினாள். அதன் கீழே ஹெஸ்டர் என்று எழுதி, பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு படகில் ஏறினாள்.

ஒரு துடுப்பு வில்ஃபிடம், ஒன்று ஜைல்ஸிடம். முதல் நாலு இழுப்பில் தம்பியின் கை தடுமாறியது, பிறகு நேராகிவிட்டது. ஆற்றின் குறுக்கே படகுச் சங்கத்தின் கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கியது.

தோரா பெட்டி மேல் கை வைத்து, சர்ச் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம்தான் பார்த்தாக வேண்டும். திருப்பம் வரும்வரை ஜைல்ஸின் முகத்துக்கு நேரே வீடு இருந்தது, வாசல் திறந்தபடி, தண்ணீர் போவதும் வருவதுமாக.