கிட்டிவேக்கின் சுக்கான்

நாரிஸ் ட்வெடில் அந்தப் படகைக் கட்டத் தொடங்கியபோது அவருக்கு அறுபத்தாறு வயது. கடைசிப் பூச்சு காய்ந்தபோது அறுபத்தொன்பது ஆகியிருந்தது. நடுவில் இடது தோளில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. மகள் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். கராஜின் கூரை இரண்டு முறை ஒழுகியது. படகு மட்டும் வேலை மேசையை விட்டு நகராமல் கிடந்தது.

ஸீட்டன்வைக் என்ற ஊரில் ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் முப்பது வருடம் ஓடிய பயணிகள் படகு கிட்டிவேக். நாரிஸ் அதில் பதினான்கு வருடம் துணை மாலுமியாக வேலை பார்த்தவர். அதையே இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி ஒரு மீட்டர் நீளத்தில் கட்டப் போவதாக அவர் சொன்ன அன்று அவர் மனைவி ஐலீன் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் படகா? ஏன் நாரிஸ், உலகத்துல வேற படகே இல்லையா?"

"கட்டின கம்பெனியோட வரைபடம் கெடைச்சிருக்கு. முழு செட்டும்."

"கெடைக்கறதையெல்லாம் கட்டணும்னு இருக்கா?"

ஏன் அதையே என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒட்டுப்பலகையில் பதினேழு விலாச் சட்டங்களை அறுத்து அடிக்கட்டையின் மேல் வரிசையாக நிறுத்தினார். மெல்லிய மரக் கீற்றுகளை வெந்நீரில் ஊறப்போட்டு, வளைத்து, ஒவ்வொன்றாக விலாவோடு சேர்த்து ஒட்டினார். பசை காயும்வரை பிடித்துக்கொள்ள ஐலீனின் துணிக் கிளிப்புகள்தான் உதவின. அதனால் வீட்டில் துணி காயப்போடுவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு கீற்றுக்கு மேல் தோள் ஒத்துழைக்காது. ஒட்டி முடித்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை ஒரு குளிர்காலம் முழுக்க நீண்டது. தேய்த்த தூள் மூக்கிலும் தேநீரிலும் தலையணையிலும் ஒட்டிக்கிடந்தது. சில நாள் கராஜுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, படகைப் பார்த்துவிட்டு, எதையும் தொடாமலே திரும்பி வருவார்.

மோட்டார், அதன் தண்டு, பேட்டரி, ரேடியோ அலையை வாங்கும் சிறு பெட்டி எல்லாம் உள்ளே போயின. படகைத் திருப்பும் சுக்கானைப் பித்தளைத் தகட்டில் வெட்டினார். வரைபடத்தின்படி அது ஒரு தீப்பெட்டி அகலம்தான் வந்தது.

அதைப் பார்க்க வந்த ரெஜ் பர்டிஸ் உதட்டைப் பிதுக்கினான். மாடல் படகுச் சங்கத்தின் செயலாளர் அவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

"என்னய்யா இது, தபால்தலை மாதிரி இருக்கு? இதை வெச்சுக்கிட்டு திருப்பிடுவியா? மாடலுக்கு எல்லாரும் ஒண்ணரை மடங்கு பெருசாத்தான் வைக்கறோம்."

"வரைபடத்துல எப்படியோ அப்படித்தான் இருக்கணும்."

"அந்தப் படகுல நிஜ மனுஷங்களும்தான் ஏறுனாங்க. ஏத்திக்கறியா?"

நாரிஸ் சுக்கானை மாற்றவில்லை. குளியல் தொட்டியில் மிதக்கவிட்டு, நீர்க்கோடு சரியாக வரும்வரை ஈயத் துண்டுகளை இப்படியும் அப்படியும் அடுக்கினார். அன்று முதுகு பிடித்துக்கொள்ள, ஐலீன்தான் அவரைத் தூக்கி நிமிர்த்தினாள்.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் படகைப் பூங்காக் குளத்துக்கு எடுத்துப் போனார். சங்கத்தில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கடலிலிருந்து வந்த காற்று குளத்தின் குறுக்கே அடித்தது. கிட்டிவேக் தண்ணீரில் நிஜப் படகைப் போலவே கனமாக உட்கார்ந்தது. இரண்டு சுற்று அருமையாக ஓடியது. யாரோ கை தட்டினார்கள். நாரிஸுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்தவனுக்கு வரும் களைப்புதான் வந்தது.

மூன்றாவது சுற்றில் படகைக் கரையோரத்து மரத் துறைக்குக் கொண்டு வந்தார். துறை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தார். காற்று பக்கவாட்டில் தள்ளியது. கழுத்தில் மாட்டியிருந்த ரேடியோ பெட்டியின் குச்சியை இடப்பக்கம் முழுக்கத் தள்ளினார். சுக்கான் திரும்பியதை அவரால் பார்க்க முடிந்தது. தண்ணீருக்கடியில் பித்தளை மின்னியது. படகு திரும்பவில்லை. தன் பாட்டுக்கு நேராக வந்து, துறையின் முனையில் டக்கென்று மோதியது. முன்பக்கப் பலகை ஒன்று பிளந்தது.

"லேட்டா திருப்பிட்டியே!" என்று கரையிலிருந்து ரெஜ் கத்தினான்.

"இல்ல, முன்னாடியே திருப்பிட்டேன்."

"எங்க திருப்பின? நாங்க எல்லாரும் பாத்துட்டுதானே இருக்கோம்! மோதப் போற நேரத்துலதான் குச்சியைத் தள்ளின."

"நான் திருப்பிட்டேன் ரெஜ்."

"சரி சரி, திருப்பிட்ட. படகுதான் உன் பேச்சைக் கேக்கல," என்று அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

நாரிஸ் ரேடியோ பெட்டியைக் கழுத்தில் மாட்டியபடியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலியோ என்று ரெஜ் பதறிப்போனான்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரி காலையில் நிஜ கிட்டிவேக் இதே மாதிரி நேராகப் போய்த் துறையில் மோதியது. பதினொரு பேர் அடிபட்டார்கள். மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இடது கால் போனது. சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்தவர், எல்லோரும் ஸ்கிப்பர் என்று அழைத்த தலைமை மாலுமி கத்பர்ட் ஹெஸ்லப். "நான் நேரத்துக்குத் திருப்பினேன், படகு கேக்கல," என்று விசாரணையில் மூன்று நாளும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நாரிஸ். அவரைக் கேட்டார்கள். தாமதமாகத் திருப்பியது போலத்தான் தெரிந்தது என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஹெஸ்லப்பின் உரிமம் போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் ஒரே ஊரில், ஒரே கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு, ஒருவர் வந்தால் மற்றவர் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்துகொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள்.

மறுநாள் நாரிஸ், ஹெஸ்லப் குடியிருந்த மாடிக் குடியிருப்பின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவருக்கு எண்பது வயது. வீங்கிய கால்களில் செருப்பு பாதிதான் நுழைந்திருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஸ்கிப்பர், நான் கிட்டிவேக்கோட மாடல் ஒண்ணு கட்டியிருக்கேன்."

"கேள்விப்பட்டேன். துறையில மோதிச்சாமே. ஊரே சிரிக்குது."

"நான் முன்னாடியே திருப்பினேன். அது கேக்கல."

ஹெஸ்லப் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அதைச் சொல்லத்தான் மாடி ஏறி வந்தியா? மாடல் ஒண்ணையும் நிரூபிக்காது. படகைச் சின்னதாக்கலாம், தண்ணியைச் சின்னதாக்க முடியாது. பதினாலு வருஷம் என்கூட நின்னியே, இதுகூடத் தெரியாதா?"

"தெரியும். நான் சொல்ல வந்தது அது இல்ல." நாரிஸ் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு இல்லை. "அன்னிக்கு நான் உங்க கையப் பாக்கவே இல்ல. ஃபிளாஸ்க்கோட மூடி உருண்டு பெஞ்சுக்கு அடியில போயிடுச்சு. குனிஞ்சு அதைத் தேடிட்டிருந்தேன். நிமிந்தா துறை முன்னாடி நிக்குது. நீங்க எப்பத் திருப்புனீங்கன்னு எனக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"அவங்க கேட்டாங்க. பாக்கலன்னு சொன்னா, வேலை நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தேன்னு அடுத்த கேள்வி வரும். பயந்துட்டேன். நேத்து நான் குச்சியைத் திருப்பினத எவனும் நம்பல. அப்பத்தான் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு புரிஞ்சுது."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. அந்தச் சத்தம் ஓய்ந்ததும் ஹெஸ்லப் கேட்டார்.

"மூடி கெடைச்சுதா?"

"என்ன?"

"ஃபிளாஸ்க் மூடிய்யா. கெடைச்சுதான்னு கேட்டேன்."

"இல்ல."

"கெளம்பு நாரிஸ். எனக்கு அசதியா இருக்கு."

நாரிஸ் வீட்டுக்கு வந்து ஐலீனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. "இருபத்தொரு வருஷமா இதைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டா தூங்கின? எனக்கும் சேத்தில்ல தூக்கம் போயிருக்கு," என்று சொல்லிவிட்டு, எழுதுவதற்குத் தாள் எடுத்து வைத்தாள். விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு அவர் கடிதம் எழுதினார். ஆறு வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது, சம்பந்தப்பட்ட படகும் உடைக்கப்பட்டுவிட்டது, தகவலுக்கு நன்றி. நாரிஸ் அதைப் பிரதி எடுத்து, தன் கடிதத்தின் பிரதியோடு சேர்த்து, ஹெஸ்லப் வீட்டுக் கதவின் தபால் துளையில் போட்டுவிட்டு வந்தார்.

ஜூன் மாதம் பிளந்த பலகையைச் சரிசெய்து படகை மறுபடி குளத்துக்குக் கொண்டு போயிருந்த நாளில், பூங்காவின் சரிவுப் பாதையில் ஹெஸ்லப் கோலை ஊன்றி வருவது தெரிந்தது. நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். சங்கத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே நாரிஸிடம் வந்து கையை நீட்டினார்.

நாரிஸ் ரேடியோ பெட்டியைக் கழற்றிக் கொடுத்தார். எந்தக் குச்சி எதற்கு என்று மட்டும் காட்டினார்.

ஹெஸ்லப் படகை நடுக்குளம்வரை ஓட்டிப் போனார். முதலில் முரட்டுத்தனமாக, பிறகு மெதுவாக. வாத்துக் கூட்டம் விலகி வழி விட்டது. "புகைபோக்கியில வெள்ளைக் கோடு இவ்வளவு மேல வராது. அரை விரல் கீழ வரணும்," என்றார்.

"மாத்திடறேன் ஸ்கிப்பர்."

"உன் லெட்டரைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்த ஆபீஸ்ல எவனுக்கு என்னைத் தெரியும்? என் பேர் கெட்டது இந்த ஊர்லதான். என் பொண்டாட்டி செத்தப்பகூட எட்டுப் பேருதான் வந்தாங்க." கண்ணைப் படகிலிருந்து எடுக்காமலே தலையைப் பின்னால் இருந்தவர்கள் பக்கம் அசைத்தார். "இவங்ககிட்ட சொல்லு."

நாரிஸ் திரும்பினார். ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ரெஜ்ஜின் கையில் பாதி கடித்த பேக்கன் ரொட்டி இருந்தது. நாரிஸ் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு உயர்த்தவும் தெம்பில்லை. பிப்ரவரி காலை, ஃபிளாஸ்க் மூடி, விசாரணை, தான் சொன்ன வாக்கியம், அது பொய் என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்ன விஷயமா இது என்று அவருக்கே வெறுமையாக இருந்தது.

 ஒருவர் தன் படகைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, நாரிஸ் முகத்தைப் பார்க்காமலே கார் நிற்கும் பக்கம் போனார். அவருடைய அக்காள்தான் கால் போன அந்தப் பெண். கத்பர்ட் ஹெஸ்லப் என்ற பெயரை அந்த வீட்டில் இருபத்தொரு வருடமாக எப்படிச் சொல்லிவந்தார்களோ, இனி அவர் போய் என்ன சொல்வாரோ. கூப்பிட வேண்டும் என்று நாரிஸுக்குத் தோன்றியது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நாளை அவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

ரெஜ் ரொட்டியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெஸ்லப் பக்கத்தில் போய் நின்றான்.

"ஸ்கிப்பர், டீக்குச் சக்கரை எத்தனை?"

"ரெண்டு," என்றார் ஹெஸ்லப். "நல்லாக் கலக்கு. எனக்கு உக்கார ஒரு நாற்காலியும் கொண்டா. இந்தக் கால்ல எவ்வளவு நேரம் நிக்கறது."