சீதா ஹள்ளா

அனுப்ரியா மறுபடியும் அப்பாவின் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். விடிந்ததிலிருந்து இது ஐந்தாவது முறை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, வீட்டுக்கே கூட்டிப் போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாளாகிறது. எழுந்து நிற்கவே முடியாத சேஷு, எங்கோ கிளம்பவேண்டும் என்று கட்டிலில் கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா போகணும்? சொல்லேன்."

"பேர் தப்புடி. மேப்புல பேர் தப்பு."

எந்தப் பேர் என்று அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. அப்பா நீர்ப்பாசன இலாகாவில் சர்வேயராக இருந்தபோது, கொள்ளேகால் பக்கம் காட்டிலிருந்து இறங்கிக் காவிரியில் சேரும் ஓர் ஓடையை அளந்தார். பழைய வரைபடத்தில் அது பெயரில்லாத நீலக்கோடு. அதற்கு அவர் எழுதிய பெயர் 'சீதா ஹள்ளா'; ஹள்ளா என்றால் கன்னடத்தில் ஓடை. அம்மா சீதாலக்ஷ்மியைக் கல்யாணம் செய்துகொண்டு அப்போது இரண்டே மாதம். அக்ரஹாரத்தில் அம்மா சொல்லிக் கேட்காதவர்கள் கிடையாது: "எல்லாரும் நதி பேரைப் பொண்ணுக்கு வைப்பா. எங்காத்துல மட்டும் என் பேரை நதிக்கு வெச்சா."

சேஷு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த ஓடையில் சங்கிலி பிடித்து அளந்தவர் கெம்பையன். அவர் மனைவி மாதம்மா, இவர்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஓடையைக் கடக்கும்போது, மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. காவிரியில் சேரும் இடத்தில்தான் உடல் ஒதுங்கியது. அன்றிலிருந்து ஊருக்கு அது மாதம்மா ஹள்ளா.

"'அவ பேரை எழுதுங்க சாமி'ன்னான். சரின்னேன். ஆபீஸ்ல வந்து உக்காந்து… உங்கம்மா பேரை எழுதிட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது."

தை பிறந்தால் கெம்பையன் ஒரு பை நிறைய அவரைக்காயோடு வாசலில் நிற்பது எந்த நன்றிக்கு என்று அனுப்ரியாவுக்கு இப்போதுதான் புரிந்தது.

"இலாகாவுக்கு லெட்டர் எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினாள். சமையலறையில் அம்மாவின் பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பேனாவை அப்பாவின் விரல்களுக்கிடையில் வைத்தாள்; விரல்கள் மூடவில்லை. பதினொன்றேகாலுக்குக் கால்களும் ஓய்ந்துவிட்டன.

அதன்பிறகு அனுப்ரியாவுக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாஸ்திரிகளுக்குப் போன், ஐஸ் பெட்டிக்குப் போன், பெங்களூரிலிருந்து வரவேண்டிய அண்ணாவுக்குப் போன். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்தாள். அம்மா தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"கெம்பையனுக்குச் சொன்னியோ?"

இரண்டரை மணிக்கு அவர் வந்துவிட்டார். எண்பது வயது. பஸ்ஸில் நின்றே வந்திருந்தார். சேஷுவின் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

அம்மா நிமிர்ந்தாள். "கெம்பையா, அந்த மேப்புல இருக்கறது உங்க மாதம்மா பேர் இல்லை. என் பேர்."

அனுப்ரியாவின் கையில் கடிதம் கசங்கியது.

"தெரியுமுங்கம்மா" என்றார் கெம்பையன். "பேத்தி செல்போன்ல படிச்சுச் சொன்னா. ஏழு வருசமாச்சுங்க."

அந்த ஏழு வருஷமும் அவர் வந்திருக்கிறார். பையைக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு எதிரே அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"சாமி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னார். இன்னிக்குக் கார்த்தால. மாத்தச் சொல்லி லெட்டரும் எழுதச் சொன்னார். கையெழுத்து நான் போடறேன்" என்றாள் அம்மா.

கெம்பையன் மெல்லத் தலையாட்டினார். வந்திருந்தவர்கள் நாற்காலிகளை எல்லாம் வாசலில் போட்டிருந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

அம்மா தலைப்பை இழுத்துக்கொண்டு, பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.