மொக்கையன் செத்த படம்

சிவபாண்டி எடுத்த படம் மதுரையில் ஒரே வாரம், அதுவும் காலைக் காட்சி மட்டும் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. வந்தவர்களில் பாதிப்பேர் வெயிலுக்கு ஏசியில் ஒதுங்கியவர்கள். ஆஸ்பத்திரி வேண்டாம், மூக்கில் குழாய் வேண்டாம், என் தோட்டத்துக் கொட்டகையிலேயே கண்ணை மூடுகிறேன் என்று அடம்பிடிக்கும் கிழவனின் கதையைப் பாப்கார்னோடு யார் பார்ப்பார்கள்? கே.கே. நகரில் மாமனாரின் டைல்ஸ் கடையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி காத்திருந்தது. படமெடுத்த ஊராவது ஏற்றுக்கொள்ளட்டும், இல்லையென்றால் அந்த நாற்காலிதான் என்று முடிவுகட்டி, எழுமலை தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில் புரொஜெக்டரோடு போய் இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்து ஜன்னல்களுக்குப் போர்வை கட்டினார்கள். கிழவனாக நடித்த மொக்கையன் புது வேட்டியில், மனைவி ரெங்கம்மாளோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியதிலிருந்து ஊர் வாயை மூடவில்லை. கிழவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லி ஒரு கட்சி, அவர் இஷ்டப்படி விடச் சொல்லி ஒரு கட்சி. மருமகளாக நடித்த ஜெயக்கொடியை, சாகப்போகிற மனுசனுக்கா உப்பில்லாத கஞ்சி என்று பெண்கள் நேரிலேயே திட்டினார்கள். டைரக்டர் சொல்லித்தான் செய்தேன் என்று அவள் கையைக் காட்ட, எல்லோரும் சிவபாண்டியை முறைத்தார்கள்.

கடைசியில் திரையில் மொக்கையன் கண்ணை மூடினார். ரெங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"அடியே, நான் இங்கனதான இருக்கேன்" என்று அவள் தோளை உலுக்கினார் மொக்கையன்.

"பேசாம இருய்யா" என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

படம் முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் எழுந்து, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியேறினார்கள். காலையில் வாய் நிறைய மாப்ள என்று கூப்பிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தவர்கள், போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மொக்கையனும் போய்விட்டார். இனி டைல்ஸ்தான் என்று சிவபாண்டி ஒயரைச் சுருட்டி வைத்தான்.

ஆனாலும் மனசு கேட்காமல் மொக்கையன் வீட்டைப் பார்த்து நடந்தான். தெருக்குழாயடியில் ஆணும் பெண்ணுமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வீட்டு வாசலில் மொக்கையன் ஈர வேட்டியோடு நடுங்க, ரெங்கம்மாள் குடத்தோடு வழியை மறித்து நின்றாள். செத்ததே நான்தானே, எனக்கெதற்குக் குளியல் என்று அவர் கெஞ்சியது எடுபடவில்லை.

சிவபாண்டி அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "படம் பிடிக்கலேன்னா சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல அத்தை? இப்பிடியா எல்லாரும் பேசாம எந்திரிச்சுப் போவீக?"

ரெங்கம்மாள் அழுது வீங்கிய கண்ணோடு அவனைப் பார்த்தாள்.

"என்ன மாப்ள இப்பிடிக் கேக்குறீக. எழவு வீட்டுல இருந்து எந்திரிக்கிறவுக, போயிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டா கெளம்புவாக?"

அவள் மீதித் தண்ணீரைப் புருசன் தலையில் கவிழ்த்துவிட்டு, இன்னொரு குடத்தைத் தூக்கினாள்.

"நீங்களும் குனிங்க மாப்ள. உங்களுக்கும் வேண்டியவருதான."

அவன் சட்டையோடு குனிந்தான்.